ஃபிளை ஃபிஷிங்: ஈயா, பூச்சியா, பறப்பதா?

தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் முறைகளில் ஒன்றான ‘ஃபிளை ஃபிஷிங்’ என்பதைப் ‘பறக்கும் மீன்பிடி’ என்று தமிழாக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ‘ஈ மீன்பிடிப்பு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. முதலாவது அப்பட்டமான தவறு, இரண்டாவது பாதி சரி. அந்தப் பாதியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இங்கே ஃபிளை என்பது வினை இல்லை, பெயர். பழைய ஆங்கிலத்தில் பறக்கிற சிறு பூச்சி எதுவானாலும் ஃபிளைதான், பறத்தலைக் குறிக்கும் வினையும் அதே வேரில் வந்ததுதான். பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் ஆங்கிலப் பெயர்களில் இன்றும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். நமக்கும் இது புதிது இல்லை. அகநானூற்றின் 4ஆம் பாடலில் வரும் ‘தாதுண் பறவை’ குருவி இல்லை, பூவில் தாதுண்ணும் வண்டு. பிறகு தமிழில் பறவை என்ற சொல் குருவி, காக்கை என்று மேலே போய்விட்டது, ஆங்கிலத்தில் ஃபிளை என்ற சொல் சுருங்கி வீட்டு ஈயில் வந்து நின்றது. தூண்டில்காரர்கள் மட்டும் பழைய பொருளை விடவில்லை. அவர்கள் ஃபிளை என்று சொல்லும்போது சோற்றில் மொய்க்கும் ஈ அவர்கள் மனதில் இல்லை. அதனால்தான் ‘ஈ’ பாதி சரி என்றேன்.

அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பிய ஓடைகளில் மே மாதத்தையொட்டி எழும்புகிற மேஃபிளை என்ற ஒரு மெல்லிய பூச்சி. ஒரு வருடமோ அதற்கு மேலோ நீருக்கடியில், கல்லிலும் சேற்றிலும் சிறகில்லாமல் கிடக்கும். ஒருநாள் மேலே வந்து, தோலை உரித்துச் சிறகு விரித்து, எதுவும் தின்னாமல் இணைசேர்ந்து, முட்டையிட்டுச் சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் செத்துவிடும். மழைக்குப் பின் நம் ஊரில் ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும். (ஈசல் கறையான் இனம், இது வேறு இனம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அறிவியலில் இதன் வரிசைக்கே ‘ஒருநாள் வாழ்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இது எழும்பும் நேரத்தில் டிரவுட் மீன் மேலே வந்து நீர்ப்பரப்பிலேயே உறிஞ்சித் தின்னும், வேறு எதையும் திரும்பிக்கூடப் பார்க்காது.

சரி, அப்படியானால் அந்தப் பூச்சியையே பிடித்து முள்ளில் குத்திவிட்டால் என்ன? அயர்லாந்தின் கொரிப் ஏரியில் அதைச் செய்கிறார்கள். நீளமான கோலில் காற்றுக்கு ஆடும் பட்டு இழையைக் கட்டி, உயிர்ப்பூச்சியை நீர்ப்பரப்பில் தத்தவிடுவார்கள். ஆனால் பொதுவாக அது கையில் நிற்காத பூச்சி. கி.பி. 200 வாக்கில் எழுதிய ஈலியன் என்ற ரோமானியர், மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றின் கரையில் இருந்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று விவரிக்கிறார். புள்ளிபோட்ட தோலுள்ள மீன்கள், அவை விரும்பித் தின்னும் ஒரு பூச்சி. அந்தப் பூச்சியைக் கையால் தொட்டால் நிறம் போய்விடும், சிறகு வாடிவிடும், மீன் சீந்தாது. ஆகவே தூண்டில் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டை வைத்துக் கட்டினார்களாம். கோல் ஆறடி, நூலும் ஆறடி. சொல்லின் உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது. ஃபிளை என்பது பூச்சி இல்லை, பூச்சிபோலக் கட்டிய முள்.

இன்னொரு விஷயம், இதை விட்டால் சொல் பாதிதான் புரியும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை, அதாவது மெல்லிய தூண்டில் இழையை, இழுத்துக்கொண்டு தூரம் போகும். இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்கு ஏது எடை? அதனால் இங்கே எடையை நூலுக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் குதிரைவால் மயிர், பிறகு எண்ணெய் ஊறிய பட்டு, இப்போது பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல். அதைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி நீரில் விரிக்கிறார்கள், கடைசியில் மயிரிழை நரம்பு, அதன் நுனியில் பூச்சி. எறிவது நூலை, பூச்சி சும்மா கூடப் போகிறது. ‘பறக்கும் மீன்பிடி’ என்று எழுதியவர் ஒருவேளை இந்த வீச்சைப் பார்த்துத்தான் ஏமாந்தாரோ என்னவோ.

சிறு ஓடையில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்தபடி ஒரு கல்லின் பின்னால் நின்று, வருவதைத் தின்னும். அதனால் ஆள் கீழேயிருந்து மேல்நோக்கி வீசி, பூச்சியை ஓட்டத்தோடு இயல்பாக மிதந்துவர விடுவார். நூல் இழுத்துப் பூச்சி சற்றே கோணலாக நகர்ந்தாலும் போச்சு. ஏரியில் ஓட்டம் கிடையாது, மீன்தான் சுற்றித் திரியும். அங்கே படகைக் காற்றின் போக்கில் விட்டு, ஒரே நரம்பில் இரண்டு மூன்று பூச்சிகளைக் கட்டி வீசி, கையால் சிறிது சிறிதாக நூலை இழுத்து அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் லெவன் ஏரி இந்த முறைக்குப் பேர்போனது.

மிதக்கும் பூச்சி, அமிழும் பூச்சி என்ற பிரிவில் இங்கிலாந்துக்காரர்கள் சண்டையே போட்டிருக்கிறார்கள். 1886ல் ஹால்ஃபோர்டு என்ற தூண்டில்காரர் மிதக்கும் பூச்சியைப் பற்றி ஒரு நூல் எழுத, தெற்கு இங்கிலாந்தின் தெளிந்த ஓடைகளில் அதுவே கிட்டத்தட்ட மதமாகிவிட்டது. இட்சென் ஆற்றில் தூண்டில் போட்ட ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர், மீன் பெரும்பாலும் நீருக்கடியில்தான் இளம்பூச்சிகளைத் தின்கிறது, அதுபோலக் கட்டினால் என்ன குற்றம் என்று கேட்டார். 1938ல்கூட லண்டனில் ஒரு கிளப்பில் கூடி இதைப் பட்டிமன்றம் மாதிரி விவாதித்தார்கள். ஆங்கிலத்தில் இவற்றை உலர்ந்தது, நனைந்தது என்பார்கள். நாம் மிதப்புப் பூச்சி, அமிழ்பூச்சி என்று சொன்னால் வேலை முடிந்தது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தூண்டில் நம்மிடம் பழையது. ‘மீன் எறி தூண்டில்’ என்று குறுந்தொகை 54ல் வருகிறது, யானை வளைத்துவிட்ட மூங்கில் சட்டென்று நிமிர்வதை மீனை இழுத்த தூண்டிற்கோலோடு ஒப்பிடும் பாட்டு. அப்புறம் முன்னொட்டு என்ன? ‘பூச்சித் தூண்டில்’ என்றால் வெட்டுக்கிளியை உயிரோடு குத்திப் போடுவதும் அதில் அடங்கிவிடும். ‘செயற்கை இரைத் தூண்டில்’ என்றால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மீனும் உள்ளே வந்துவிடும். என் தேர்வு ‘போலிப்பூச்சித் தூண்டில்’. முள்ளில் கட்டியதை மட்டும் சொல்ல ‘கட்டுப்பூச்சி’ இன்னும் நன்றாக இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கலையில் பாதி அந்தக் கட்டுவதில்தான். குட்டிமீன் போலவும் மீன்முட்டை போலவும்கூடக் கட்டுகிறார்களே என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் அதையும் ஃபிளை என்றுதான் சொல்கிறார்கள், அந்தச் சலுகையை நாமும் எடுத்துக்கொள்வோம்.

கட்டுவதில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. நம் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகு பூசியது போன்ற புள்ளிகள் இருக்கும். பூச்சி கட்டும் பிரிட்டிஷ்காரர்களுக்கு அது பொக்கிஷம். காட்டிலிருந்து பிடித்து இறகு விற்பது இப்போது இங்கே சட்டவிரோதம், அங்கே கூண்டில் வளர்த்த கோழியின் இறகையே பயன்படுத்துகிறார்கள்.

டிரவுட் என்ற பெயரை மட்டும் பெயர்க்க வேண்டாம் என்பேன். அது ‘கொறிப்பது’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. தமிழில் பெயர் இல்லாததற்குக் காரணம் எளிது, அந்த மீனே நம்மிடம் இருந்ததில்லை. நீலகிரிக்கும் நுவரெலியாவுக்கும் ஆங்கிலேயர் முட்டையாகக் கொண்டுவந்து விட்டதுதான். அவலாஞ்சியில் அதற்கென்றே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குஞ்சு பொரிப்பகமும் கட்டினார்கள். சிலர் ‘நன்னீர் மீன்’ என்று எழுதுகிறார்கள். கெண்டையும் விராலும் கெளுத்தியும் பின்னே எந்த நீர் மீனாம்?