படிவம் 20-இல் கையெழுத்து விழுவதற்கு முன்

முடிவு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள், சொற்ப வாக்குகளில் தோற்ற வேட்பாளர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து, "மறுபடி எண்ணச் சொல்லி மனுப் போடுங்க சார்" என்றார். வாக்கு எண்ணும் மையத்திலேயே எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். வாய்மொழியாகச் சொன்னாராம்.

1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகளில் 63ஆம் விதியின்படி, மொத்த வாக்குகளைத் தேர்தல் நடத்தும் அலுவலர் அறிவித்த பிறகு, முடிவுத் தாளான படிவம் 20-இல் அவர் கையெழுத்திடும் வரைதான் மறு எண்ணிக்கை கோர முடியும். அதையும் காரணங்களோடு எழுதித்தான் கோர வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த மனுவை ஏற்க அவருக்கே அதிகாரம் இல்லை. கேட்பதற்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது விதி. எத்தனை நிமிடம் என்று சொல்லவில்லை. வெளியே வெடிச் சத்தம் கேட்கும் நேரத்தில் தாளையும் பேனாவையும் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வாக்குக்கும் அச்சாகிப் பெட்டியில் விழும் ஒப்புகைச் சீட்டுகளைக் (விவிபாட்) கையால் எண்ணக் கோருவதற்கும் (விதி 56டி) அதே இடைவெளிதான். இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் மாறுபட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்பதால் இது வலுவான உரிமை. ஆனால் எல்லாச் சாவடிகளையும் எண்ணுங்கள் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், அற்பமானது என்று தள்ளிவிட விதியிலேயே இடமுண்டு. வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடி முகவரிடம் தரப்படும் 17சி படிவ (அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கு) நகலை, எண்ணும் மேசையில் இயந்திரம் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, எந்தச் சாவடியில் எத்தனை வாக்கு இடிக்கிறது என்று எழுதுங்கள். நிராகரித்தாலும் அலுவலர் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும்; அந்தத் தாள் பிற்பாடு நீதிமன்றத்தில் உதவும்.

அதன்பின் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத்தான். கெடு 45 நாள். வித்தியாசம் குறைவு என்பது மட்டும் அங்கே போதாது. வாக்கின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால், திட்டவட்டமான விவரங்கள் இல்லாமல் நீதிமன்றம் கட்டுகளைப் பிரிக்கச் சொல்லாது. இராதாபுரம் தொகுதியில் 2016 சட்டமன்றத் தேர்தலில் 49 வாக்குகளில் தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவு, தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட அஞ்சல் வாக்குகள் செல்லாதவையாக்கப்பட்டதைக் குறிப்பிட்டே வழக்குத் தொடுத்தார். அப்படியிருந்தும், அஞ்சல் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணும் உத்தரவு 2019 அக்டோபரில்தான் வந்தது; எண்ணிய பின்னும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

என்னிடம் வந்தவரின் மஞ்சள் பையில் 17சி நகல்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன. 42 நாள்கள் மிச்சமிருந்தன. அன்று மாலையே ஒவ்வொன்றாகப் பிரித்து ஒப்பிடத் தொடங்கினோம்.