கோடெக்: ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்

ஒருமுறை நண்பருக்கு எம்பி4 காணொளி ஒன்றை அனுப்பினேன். அவருடைய உலாவியில் குரல் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்றே இருவரும் நினைத்தோம். கெடவில்லை. எம்பி4 என்பது படம், ஒலி, வசனவரி ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிவைக்கும் கொள்கலன் மட்டுமே. உள்ளே இருந்த படம் ஹெச்.265 என்ற சுருக்கும் முறையில் இருந்தது. ‘உங்களிடம் அந்தக் கோடெக் இல்லை’ என்று பிறகு சொன்னேன். அப்போதுதான் இந்தச் சொல் எவ்வளவு மங்கலானது என்று உறைத்தது.

குறியாக்கும் ‘கோடர்’, குறியை மீட்கும் ‘டிகோடர்’ ஆகிய இரண்டையும் வெட்டி ஒட்டியதே கோடெக். இவற்றின் அடியில் இருக்கும் ‘கோட்’ இலத்தீனின் ‘கோடெக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் மரத்தண்டு. மெழுகு பூசிய மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டி எழுதியதால் அது நூலைக் குறித்தது. பின்பு சட்டத்தொகுப்பு, அதன் பின்பு குறியீடு. பனையோலை ஏடு நம்மிடம் நாளேடு ஆனதைப் போன்ற பயணம்தான்.

இந்த வெட்டொட்டுச் சொல்லைக் கொண்டு நாம் மூன்று பொருள்களைச் சுட்டுகிறோம். ஹெச்.264 என்பது 2003-இல் வெளியான ஒரு தரநிலை, அதாவது எழுதும் முறை. எக்ஸ்264 அந்த முறையில் எழுதும் மென்பொருள். திருப்பிப் படிக்க அதற்குத் தெரியாது. படிப்பது உலாவியில் இருக்கும் வேறொன்று. மூன்றையும் கோடெக் என்கிறோம். தமிழில் இந்தக் குழப்பம் தேவையில்லை: முறைக்குக் குறிமுறை, எழுதுவதற்குக் குறியாக்கி. படிப்பதைக் குறிநீக்கி என்பார்கள். ஆனால் நீக்குவது அழிப்பதாக ஒலிக்கிறது. குறியைப் படமாக மீண்டும் விரிப்பதுதான் அதன் வேலை என்பதால் ‘குறிவிரிப்பி’ என்பேன். என் நண்பரிடம் இல்லாமல் போனது அதுதான்.

‘சுருக்கம்’ மட்டும் மிகப் பொருத்தமாக அமைந்த சொல். மடித்த துணி விரித்தால் முழுதாகத் திரும்பும். சுருக்கி எழுதிய கதை திரும்பாது. இணையக் காணொளியும் அப்படியே. 1920×1080 அளவில் நொடிக்கு 30 சட்டகங்கள், அதாவது 30 தனிப்படங்கள் என்றால், சுருக்காத படம் நொடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட். நொடிக்கு 5 மெகாபிட் அளவில் (எட்டு பிட் ஒரு பைட்) அனுப்பும்போது அதில் 300-இல் ஒரு பங்குதான் போகிறது. வெள்ளைச் சுவரின் முன் ஒருவர் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியாக்கி சுவரை முதன்மைச் சட்டகத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்தடுத்த சட்டகங்களில் உதட்டசைவைப் போல மாறியதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். மழையில் அசையும் இலைகளுக்கு இந்த வித்தை பலிக்காது. அங்கே பிட் அளவைக் குறைத்தால் கட்டம் கட்டமாக உடையும்.

இனித் தேர்வு. எங்கும் ஓட வேண்டுமானால் எம்பி4 கொள்கலனில் ஹெச்.264 குறிமுறை. 2018-இல் வந்த ஏவி1 என்ற குறிமுறை அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தரும். ஆனால் குறியாக்க நேரம் பிடிக்கும், பழைய கருவிகளில் குறிவிரிப்பி இருக்காது. ஆகவே இணையப் பக்கத்தில் ஏவி1 கோப்பை முதலிலும் ஹெச்.264 கோப்பை அடுத்ததாகவும் குறிப்பிடுங்கள். உலாவி தனக்குப் படிக்கத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்264-இன் தர எண் இயல்பாக 23. எண்ணைக் குறைத்தால் தரமும் கோப்பளவும் கூடும். எம்பி4-இன் உள்ளடக்க அட்டவணை கோப்பின் கடைசியில் இருந்தால், அதைத் தேடிப் பிடிக்கும்வரை படம் தொடங்காது. ஏற்றுவதற்கு முன் அதைக் கோப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.