நாலு மணி நிழல்: நகர வெளிகளில் இடம் பிரிபடும் விதம்

திருகோணமலை நகருக்குள் காசு கொடுக்காமல் ஆறுதலாக இருக்கக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: டச்சுக் குடாக் கடற்கரை, பிரெட்றிக் கோட்டை வாசலை ஒட்டிய மரநிழல், மெக்கெய்சர் மைதானத்தைச் சுற்றிய வெளி. காலையில் நடக்க வருபவர்கள், மதியம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், கோணேசர் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள், பின்னேரம் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், பந்தும் மட்டையுமாக வரும் பெடியன்கள் என்று எல்லாருக்கும் இதே மண்தான். யாருக்கு எப்போது எந்த இடம் என்று எந்தப் பலகையிலும் எழுதியில்லை. பெரும்பாலும் வெயில்தான் அதைப் பிரித்துக் கொடுக்கிறது.

திருகோணமலை ஏறத்தாழ 8.5 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். மரத்தின் நிழல் அடிமரத்தைச் சுற்றியே விழும். பின்னேரம் 4 மணிக்கு அதே சூரியன் சுமார் 30 பாகைக்கு இறங்கிவிடும். அப்போது நிழலின் நீளம் உயரத்தைப் போல 1.7 மடங்கு. 8 மீற்றர் வேம்பு ஒன்றின் இலைத்தொகுதி 5, 6 மீற்றர் உயரத்தில் அடர்ந்திருந்தால், அதன் நிழலின் நடுப்பகுதி அடிமரத்திலிருந்து 9, 10 மீற்றர் கிழக்கே போய்க் கிடக்கும். அடிமரத்தைச் சுற்றிக் கட்டிய சீமெந்துத் திண்ணையிலோ, கிளைகளுக்குக் கீழால் வரும் சாய்ந்த வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பூங்காவுக்கு ஆட்கள் வரத் தொடங்கும் நேரத்தில் நல்ல வாங்குகள் வெறுமையாகக் கிடப்பதற்கு இதுவே முதற் காரணம். மதிய நிழலைப் பார்த்து வாங்கு போடுகிறார்கள். ஆட்கள் வருவது பின்னேரம். மரத்துக்குக் கிழக்கே 5 முதல் 10 மீற்றருக்குள் இன்னொரு வரிசை போட்டால் இரண்டு நேரத்துக்கும் இடம் கிடைக்கும். வேர்ப்பகுதியில் மண் மிதிபட்டு இறுகுவதும் குறையும். இறுகிய மண்ணுக்குள் நீரும் காற்றும் இறங்காது. நிழல் தந்த மரமே நாளடைவில் உச்சியிலிருந்து காயத் தொடங்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வரும் வறண்ட காற்று அது. அது பலமாக வீசும் நாளில் கடற்காற்று கரையேறப் பிந்தும். ஆகவே குடும்பங்களும் கடற்கரைக்குப் பிந்தித்தான் இறங்கும். எல்லாரும் பொழுதுபடும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நெருங்குகிறார்கள். கிரிக்கெட் பந்து சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே வந்து விழுவதும், அதனால் வாய்த்தர்க்கம் வருவதும் இந்த நேரத்தில்தான். இதைக் குணக்கேடு என்று பார்ப்பது தவறு. நேரத்தால் பிரிந்திருந்தவர்கள் ஒரே நேரத்துக்குள் அடைபட்டுப்போகிறார்கள், அவ்வளவுதான்.

இருக்கைகளைப் பற்றி நியூயோர்க்கில் நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. 1970களில் வில்லியம் வைட் அந்நகரின் சிறு வெளிகளைக் கமெராவால் படம்பிடித்து ஆட்களின் அசைவுகளைக் கணக்கிட்டார். அவர் கண்டது எளிமையானது: இருக்க இடமுள்ள இடத்தில்தான் ஆட்கள் இருக்கிறார்கள். 30 சதுர அடி வெளிக்கு 1 அடி நீள இருக்கையாவது வேண்டும் என்பது அவர் தந்த அளவு. 30 அங்குல அகலமுள்ள திண்ணையில் இரு பக்கத்தாரும் முதுகுக்கு முதுகு இருக்கலாம் என்றும் காட்டினார்.

நம் ஊருக்கு இந்தக் கடைசி அளவு மிகவும் பொருந்தும். 6 அடி வாங்கில் அறியாத இருவர் இரு முனைகளிலும் இருந்துவிட்டால், நடுவில் இடமிருந்தும் மூன்றாமவர் இருக்கமாட்டார். அம்மம்மா முதல் கைக்குழந்தை வரை ஏழெட்டுப் பேராக வரும் குடும்பத்துக்கு அந்த வாங்கால் பயனே இல்லை. அந்த அகலத்தில் ‘ட’ வடிவில் மடங்கும் 45 சென்ரிமீற்றர் உயரத் திண்ணையென்றால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசலாம், இறால் வடையை நடுவில் வைத்துப் பகிரலாம்.

இருட்டியபின் யார் தங்குகிறார்கள் என்பதை விளக்கு தீர்மானிக்கிறது. 10 மீற்றர்க் கம்பத்து விளக்கு மரத்தின் மேற்பக்கத்துக்குத்தான் வெளிச்சம் கொடுக்கும். கீழே கரிய திட்டுகள் விழும். எதிரே வருபவரின் முகம் நாலு மீற்றருக்கு முன்பே தெரியாவிட்டால் பெண்கள் முதலில் எழும்பிவிடுவார்கள், அவர்களோடு பிள்ளைகளும் போய்விடும். கிளைகளுக்குக் கீழே, 4 மீற்றர் அளவில், கண்ணில் அடிக்காத விளக்குகளே தேவை. பக்கத்தில் கழிப்பறை இல்லாவிட்டால் எந்த விளக்காலும் பிள்ளையோடு வந்தவரை அதிக நேரம் வைத்திருக்க முடியாது.

இந்த ஊர் வெளிகளில் இன்னொரு பங்காளியும் உண்டு. கோட்டைக்குள்ளும் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள். சோறும் கறியும் ஒட்டிய லஞ்ச் சீற்றை (சாப்பாடு சுற்றும் பிளாஸ்ரிக் தாளை) அவை உப்புக்காகவும் மணத்துக்காகவும் அப்படியே விழுங்கிவிடுகின்றன. மான் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பையில் நாலு அறைகள். முதல் அறைக்குள் போன பிளாஸ்ரிக் செரிக்காது, சிறு வழியால் அடுத்த அறைக்கும் போகாது. அங்கேயே திரண்டு முடிச்சாகி இடத்தை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த உணர்வோடு மான் பட்டினியால் மெலியும்.

வாய் திறந்த குப்பைத்தொட்டி மானுக்குத் தீன்தொட்டி மாதிரித்தான். தானாக மூடிக்கொள்ளும் மூடியும், தள்ளி விழுத்த முடியாதபடி கம்பத்தில் பூட்டும் வேண்டும். அதைவிட முக்கியம் குப்பை எடுக்கும் நேரம். தொட்டி நிரம்புவது பின்னேரம் 5 முதல் 8 மணி வரை; மான்கள் இரவிலும் விடியற்காலையிலும் மேயும். வண்டி காலையில் வந்தால் நிரம்பிய தொட்டி இரவு முழுக்க அவற்றின் முன்னால் இருக்கும். கடைசிக் கச்சான் கடலை வண்டில் போன கையோடு, இரவு 9 மணிக்குள், தொட்டிகளை வெறுமையாக்கிவிட வேண்டும்.