ஃபிடூஷியரி: நம்பிக்கைப் பொறுப்பாளர்

அமெரிக்காவில் ஊழியர்களுக்காக 401(கே) போன்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் நடத்தும் நிறுவனம், அதன் வேலைகள் அனைத்தையும் தானே செய்வது அரிது. கணக்கைப் பராமரிக்க, பணத்தைப் பாதுகாப்பில் வைக்க, முதலீட்டு ஆலோசனை பெற என்று தனித்தனிச் சேவை நிறுவனங்களை அது அமர்த்துகிறது. அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கண்காணிக்கும் அதிகாரம் உடையவரைச் சட்டம் ஃபிடூஷியரி என்கிறது.

இதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ‘ஃபிடெஸ்’ என்றால் நம்பிக்கை; அதிலிருந்து பிறந்தது ‘ஃபிடூசியா’. ஒருவர் தம் பொருளின் உரிமையையே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்து, நோக்கம் நிறைவேறியதும் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று செய்துகொண்ட ஏற்பாட்டை ரோமானியச் சட்டம் அப்பெயரால் அழைத்தது. பொருள் கையில் இருந்தாலும் அது பிறருக்கானது என்ற கருத்து இன்றுவரை இச்சொல்லை விட்டு நீங்கவில்லை.

1974இல் இயற்றப்பட்ட எரிசா (ஊழியர் ஓய்வுக்கால வருமானப் பாதுகாப்புச் சட்டம்) என்னும் அமெரிக்கச் சட்டம் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, செயலைப் பார்க்கிறது. திட்டத்தின் நிர்வாகத்திலோ பணத்திலோ முடிவெடுக்கும் அதிகாரத்தைச் செலுத்துகிறவர் ஃபிடூஷியரி ஆகிவிடுகிறார். கடமை தவறினால் இழப்பைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே ஈடுகட்ட நேரலாம்.

தமிழில் ‘அறங்காவலர்’ என்று எழுதுவோர் உண்டு. அழகிய சொல்தான், ஆனால் அது அறக்கட்டளையில் ஒரு பதவியைக் குறிக்கிறது. ‘நம்பிக்கைக்குரியவர்’ என்பதோ குணத்தைச் சொல்கிறதே தவிரக் கடமையைச் சொல்லவில்லை. ‘முகவர்’ முற்றிலும் பொருந்தாது. ‘நம்பிக்கைப் பொறுப்பாளர்’ என்பதே சரியென்று கருதுகிறேன். ‘நம்பு’ என்பதற்குத் தொல்காப்பியம் தரும் பொருள் விருப்பம். பிற்காலத்தில்தான் அது இன்றைய பொருளில் நிலைத்தது. ‘பொறுப்பு’ பிறந்த ‘பொறு’ என்னும் வினைக்கோ சுமத்தல், தாங்குதல் என்ற பொருள்கள் உண்டு. இந்தச் சுமைதான் இங்கே முக்கியம். ஏனெனில் வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தாலும், அவரைக் கவனித்துத் தேர்ந்தெடுக்கும் சுமையும் தொடர்ந்து கண்காணிக்கும் சுமையும் ஒப்படைத்தவரை விட்டு இறங்குவதில்லை. முதலீடுகளைத் தேர்ந்தெடுத்ததோடு கடமை முடிந்துவிடாது, தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதிப்படுத்தியது.

இச்சுமையின் எடை கட்டண விவரத் தாளில் தெரியும். பெரும்பாலான சேவை நிறுவனங்கள் தமக்கு வரும் ஊதியத்தை நம்பிக்கைப் பொறுப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தாளில் கணக்குப் பராமரிப்புக் கட்டணம் ‘0’ என்றிருந்தால் மகிழ்ந்து மூடிவைக்கக் கூடாது. முதலீட்டு நிதிகள் ஊழியர் பணத்திலிருந்து கழிக்கும் செலவில் ஒரு பங்கு அந்த நிறுவனத்துக்குப் போகிறதா என்று அடுத்த பத்திகளில் தேட வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் துறை தரும் கணக்கின்படி, 25,000 டாலர் 35 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7 விழுக்காடு ஈட்டினால், ஆண்டுக் கட்டணம் 0.5 விழுக்காடாக இருக்கையில் ஏறத்தாழ 2,27,000 டாலராகும், 1.5 விழுக்காடாக இருந்தால் 1,63,000 மட்டுமே.

இச்சொல்லை ஏற்றால் கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன: கடமையை ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்றும், தவறுவதை ‘நம்பிக்கைப் பொறுப்பு மீறல்’ என்றும், உடன் பொறுப்பேற்பவரை ‘இணை நம்பிக்கைப் பொறுப்பாளர்’ என்றும் எழுதலாம்.