கையைத் தட்டிப் பார்த்து வீடு பிடிப்பது

சேலம் கன்னங்குறிச்சியில் அந்த வாடகை வீட்டைப் பார்க்கப் போன அன்று, ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை கையைத் தட்டினேன். சத்தம் சுவருக்குச் சுவர் தாவி, சமையலறை வரை போய்த் திரும்பி, அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனது. சாவியோடு வாசலில் நின்றிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தண்ணி வருதா, கரண்டுக்குத் தனி மீட்டரான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நீங்க என்ன தம்பி, கையைத் தட்டிப் பாக்கறீங்க?"

"சத்தம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாத்தேங்கம்மா."

"சத்தம் நிக்குமா?"

நிற்கும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகத் திறந்த ஒரு விரிவுரை அரங்கில், பேசுகிறவரின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி யாருக்கும் எதுவும் விளங்காமல் போனது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, சத்தம் அடங்க எடுக்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த ராத்திரிகளில் கிடைத்த விதி எளிமையானது: அறை பெரிதாக ஆக எதிரொலி நீளும், ஒலியை விழுங்கும் பரப்பு கூடக்கூட அது குறையும்.

நம் ஊர் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தம்மேல் மோதும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும், மீதி திரும்பி வரும். சபைன் கணக்குப்படி, கதவு ஜன்னலைச் சாத்திய அந்தக் காலி அறையில் சத்தம் அடங்க சுமார் மூன்று விநாடி ஆகும். அதே அறையில் ஒரு இலவம்பஞ்சு மெத்தை, கனமான திரை, கொடி நிறையத் துணி, ஒரு புத்தக அலமாரி வந்துவிட்டால் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். பெரும்பாலோருக்கு இந்த இரண்டு விநாடி வித்தியாசம் தெரியாது. எனக்கு அது அந்த வீட்டில் வாழ முடியுமா, முடியாதா என்ற கேள்வி.

2011-இல் எனக்கு ஆஸ்பெர்கர், அதாவது ஆட்டிசம் சார்ந்த ஒரு நிலை, என்று சொன்னார்கள். 1944-இல் வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் சில சிறுவர்களைப் பற்றி எழுதியதை, 1981-இல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அவர் பெயரிலேயே உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அந்தத் தனிப்பெயரை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே நிறமாலைக்குள் கொண்டுவந்தது. நாஜி ஆட்சியோடு ஆஸ்பெர்கருக்கு இருந்த தொடர்பு வெளியே வந்த பிறகு, பலர் அந்தப் பெயரையே சொல்வதில்லை. பெயர் மாற்றத்தைவிட அதே பதிப்பில் நடந்த இன்னொன்றைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒலி, ஒளி, தொடுகை, வாசனை போன்றவற்றுக்கு அளவுக்கு மிஞ்சியோ அளவுக்குக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது அப்போதுதான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் பட்டியலில் ஏறியது. அதுவரை "புள்ள ரொம்பச் செல்லம், மிக்ஸி போட்டாக்கூடக் காதைப் பொத்திக்குது" என்று சொல்லி முடித்துவிட்ட விஷயம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? மின்விசிறியின் கீழ் உட்காருங்கள். முதல் சில நிமிடம் அதன் சத்தம் கேட்கும், பிறகு கேட்காது. காது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தால், 'இதில் புதிதாக ஒன்றும் இல்லை' என்று நரம்புகள் தம் பதிலைக் குறைத்துக்கொள்கின்றன. இதைப் பழகிப்போதல் என்கிறோம். ஒலி, ஒளிக்குக் கூர்ந்து துடிக்கிற ஆட்டிசக்காரர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இந்தப் பழகிப்போதல் மெதுவாகவோ அரைகுறையாகவோ நடப்பது தெரிந்தது. அதிலும் ஆபத்தை எடைபோடும் அமிக்டலா என்ற பகுதியில் துடிப்பு அடங்கத் தாமதமாகிறது. பக்கத்து வீட்டு குக்கரின் நான்காவது விசில் எனக்கு முதல் விசிலைப் போலவே வந்து விழுவது இதனால்தான்.

2014-இல் எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு ஒரு படி பின்னால் போய் ஒரு கருதுகோளை வைத்தார்கள். மூளை அடுத்து வரப்போவதை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் பலித்தால் அந்தச் செய்திக்கு மதிப்புக் குறைவு, பொய்த்தால் முழுக் கவனமும் அங்கே திரும்பும். ஆட்டிசத்தில் இந்த ஊகம் தடுமாறுகிறது என்றால், சாதாரணச் சத்தம்கூடச் சொல்லாமல் வந்த சத்தமாகத்தானே இருக்கும்? இது இன்னும் சோதனையில் இருக்கிற கருத்து. எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை. ஆனால் நான் வாழ்ந்த வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் வளர்ந்தது அம்மாப்பேட்டையில், விசைத்தறிக்கு அடுத்த வீட்டில். தறிக்கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடும். அந்த அடி சுவர் வழியாக மட்டும் வராது; தறியின் கால் நிற்கும் தரை அதிர்ந்து, அஸ்திவாரம் வழியாக எங்கள் கட்டில் கால் வரை வரும். அத்தனைக்கும் நடுவில் நான் நன்றாகத் தூங்கினேன். ராத்திரி கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எழுந்து உட்காருவேன். "என்ன கண்ணு, தறி நின்னுபோச்சா?" என்று பாட்டி இருட்டில் கேட்பார். எனக்கு இதில் ஒரு கோளாறு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தறியின் அடுத்த அடி எப்போது விழும் என்று என் உடம்புக்குத் தெரியும், அவ்வளவுதான்.

வேலைக்கு வந்தபின் நகரின் வசதியான பகுதி ஒன்றில் அடுக்குமாடி வீடு எடுத்தேன். அம்மாப்பேட்டையோடு ஒப்பிட்டால் பேரமைதி. ஆனால் மேல்வீட்டில் நாற்காலி இழுபடும். பத்து நிமிடம் கழித்தோ, இரண்டு மணி நேரம் கழித்தோ மறுபடி இழுபடும். காற்றில் வரும் சத்தத்தைக் கனமான சுவர் தடுக்கும், அதன் எடை இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் தளத்தையே தட்டி எழுப்பும் சத்தத்தை அதே காங்கிரீட் நன்றாகவே கடத்திவிடும். எட்டு மாதத்தில் காலி செய்தேன்.

எல்லாரும் சொன்னது ஒன்றே: ஏற்காட்டுக்குப் போ.

போனேன், ஒரு மழைக்காலத்தில் மூன்று மாதம். ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, காப்பித் தோட்ட ஓரத்தில் ஒரு வீடு. சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி இறங்கும் என்பதால், கீழே 38 அடிக்கும்போது மேலே 30-ஐ ஒட்டி இருக்கும். இந்த எட்டு டிகிரிக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஜன்னல். 40 டெசிபலைத் தடுக்கும் நல்ல சுவரில் நூற்றில் ஒரு பங்கு பரப்புக்குத் திறப்பு இருந்தால் போதும், மொத்தத் தடுப்பும் 20 டெசிபலுக்கு விழுந்துவிடும். சித்திரை மாதச் சேலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யாராலும் இருக்க முடியாது. எத்தனை கனமான சுவர் கட்டியும் பயனில்லை. மலைமேல் சாத்தலாம். பனிமூட்டம் இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, வெளிச்சம் மெத்தென்று ஆகும் சாயங்காலங்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு இளகுகிறது. சில்வண்டுகள் காது கிழியக் கத்தும். விடாமல், ஒரே சீராகக் கத்துவதால் அது எனக்கு இன்னொரு தறி.

சனிக்கிழமைதான் தாங்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும் வண்டிகள் திருப்பத்துக்குத் திருப்பம் ஹார்ன் அடிக்கும். டெசிபல் ஒரு விசித்திரமான அளவுகோல். பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, இருபது கூடினால் நூறு மடங்கு. ராத்திரி மலையில் பின்னணி 30 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 டெசிபலில் ஒரு ஹார்ன் வந்தால் அது பின்னணியைப் போல் பத்தாயிரம் மடங்கு. அம்மாப்பேட்டைத் தெருவின் 60 டெசிபல் இரைச்சலில் அதே ஹார்ன் வெறும் பத்து மடங்கு. இடம் எவ்வளவுக்கு அமைதியோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு திடீர்ச் சத்தமும் நிமிர்ந்து நிற்கும். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் அங்கே இருப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பல்வலி வந்தபோது வளைவுகளில் இறங்கிய ஒரு பஸ் பயணம் தனிக்கதை. உட்காதின் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம்' என்கிறது, முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'இல்லை' என்கிறது, வயிறு புரள்கிறது.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது, இத்தனை வருடம் தவறானதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று. எனக்கு வேண்டியது சத்தமில்லாத இடம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் வேண்டியது, என்ன சத்தம் எப்போது வரும் என்று தெரிகிற இடம். ஆடியில் குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கையும் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் ஊரையே அதிர வைக்கும். ஆனால் காலண்டரில் தேதி இருக்கிறது. நான் அந்த நாட்களுக்குத் தயாராகிவிடுகிறேன், சில வருடம் போய்ப் பார்க்கவும் செய்கிறேன். எல்லாருக்கும் இது இப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டிச இளைஞர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். வெள்ளி தட்டும் சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு நாளே ஓடாது. அவருடைய புலன்களுக்குத் தூண்டல் நிறைய வேண்டும், என்னுடையவற்றுக்குக் கொஞ்சம் போதும்.

இப்படி ஒரு தெளிவோடு வீடு தேடினால் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. ஒரே வீட்டுக்கு மூன்று முறை போவேன்: வார நாள் காலை ஆறு மணிக்கு, ஞாயிறு சாயங்காலம், இன்னொரு நாள் ராத்திரி ஒன்பதுக்கு மேல். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் பேசாமல் உட்காருவேன். மெயின் ரோட்டில் வீடு வேண்டாம் என்பது பழைய அறிவுரை. ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரம் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் குறையும். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு வரிசை வீடு நடுவில் மறைத்து நின்றால் அதற்குமேலும் நன்றாகவே குறையும். தூரத்தில் போய்த் தனியாக நிற்கும் வீட்டைவிட, பின்தெருவில் நெருக்கமாக நிற்கும் வீடு சில சமயம் நல்லது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அந்த எண்கள் சராசரி அளவுகள். எனக்கு உயிரை வாங்குவது சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் ஒற்றைச் சத்தங்கள்.

விளக்கையும் பார்ப்பேன். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் வைத்த ட்யூப்லைட் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குச் சாயங்காலத்துக்குள் தலைவலி தெரிந்துவிடும். மலிவான எல்.இ.டி.யிலும் இது உண்டு. போன் கேமராவை விளக்கருகே காட்டினால் திரையில் கோடுகள் ஓடும். இதைப் பல்பு மாற்றித் தீர்த்துவிடலாம். வாசனையைத் தீர்க்க முடியாது. மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற நிலையத்தில் இறங்கி ஏறித்தான் போகின்றன, வாசனை மட்டும் மூக்கிலிருந்து நேரே அமிக்டலாவின் வாசலைத் தட்டும். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் புளிக்கும் காற்று வரும் திசையில் இருந்த இரண்டு நல்ல வீடுகளை அதற்காகவே விட்டேன்.

கன்னங்குறிச்சி வீடு இரண்டாவது தெருவில் இருந்தது. எதிர்வரிசை வீடுகள் சாலையை மறைத்தன. மூக்கனேரிப் பக்கமிருந்து கொக்குகளின் சத்தம் வந்தது. கீழே வீட்டுக்கார அம்மா, மேலே நான், அதற்குமேல் மொட்டைமாடி மட்டும்தான். ஹாலின் எதிரொலிக்கு மெத்தையும் திரையும் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மூன்றாவது முறை போனபோதுதான் போர் மோட்டார் ஓடியது. அது படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஸ்விட்ச் போட்ட நொடியில் படுக்கையறைத் தரையே உறுமியது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை, போடும் நேரம் முன்னாலேயே தெரிந்தால் போதும் என்றேன். அவர் யோசித்தார். "தொட்டி எப்ப காலியாகுமோ அப்பத்தானே போடுவோம், அதுக்கு நேரம் காலம் ஏதுங்க தம்பி?" என்றார். பிறகு அவரே, "சரி, கூப்புட்டுச் சொல்லிட்டுப் போடறேன்" என்றார்.

நம்மை நாமே கூச்சம் காட்டிக்கொள்ள முடியாததற்குக் காரணம், வரப்போகும் தொடுகையை மூளை முன்கூட்டியே அறிந்து பதிலைத் தணித்துவிடுவதுதான். சத்தத்திலும் அப்படியே, வருகிறது என்று தெரிந்த சத்தத்துக்குச் செவிப்புல நரம்புகளின் துடிப்பு குறைவாக இருப்பதை மூளை மின்பதிவுகளில் பார்த்திருக்கிறார்கள். என் மூளை தானாகச் செய்யத் தடுமாறும் ஊகத்தை அந்த அம்மா படிக்கட்டுக்கு அடியில் நின்று எனக்காகச் செய்கிறார். குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்று காலையும் ஆறே காலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது: "தம்பி, மோட்டார் போடறேன்." "போடுங்கம்மா" என்றேன். தரை உறுமியது. காப்பியைக் குடித்து முடித்தேன்.