லூஸ் ஜாயின்ட் ஏன் சுடுகிறது?

ஒயர் பெரும்பாலும் நடுவழியில் கருகுவதில்லை. இன்னொன்றோடு சேரும் இடத்தில்தான் கருகும். எரிந்துபோன பிளக் ஒன்றைக் கழற்றினால், திருகுக்கு அடியில் மட்டும் செம்பு கறுத்து, சுற்றிலும் பிளாஸ்டிக் இளகியிருக்கும். ஒரு சாண் தள்ளிப் பார்த்தால் அதே ஒயர் புத்தம் புதிதாக இருக்கும்.

வழவழப்பாகத் தெரியும் செம்பு, நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடும். மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளில் முண்டியடித்துப் போக வேண்டும். மேலே, காற்றுபட்டு உண்டாகி மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலம் வேறு. அந்த இடத்தின் மின்தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் 10 வாட் வெப்பம், அதுவும் பட்டாணி அளவு இடத்தில். சூட்டில் உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும். இப்படியே பிடி தளர்ந்து, மின்தடை ஏறி, சூடு இன்னும் கூடும்.

ஆகவே நல்ல இணைப்பு உலோகத்தை இறுக்க வேண்டும், அந்த இறுக்கத்தை விடாமலும் வைத்திருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் இது நடக்காது. டேப் மின்சாரம் வெளியே படாமல் காக்கும், அவ்வளவுதான். சூட்டில் அதன் பசையும் விட்டுவிடும்.

எனக்குப் பிடித்தது கிரிம்பிங். ஒயர் முனையில் மாட்டும் சிறு உலோகத் துண்டான லக்கின் குழலுக்குள் ஒயரின் இழைகளை நுழைத்து, அதற்கென்றே உள்ள கருவியால் நசுக்குவது. நன்றாகச் செய்த கிரிம்பைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள், அழகாக இருக்கும்: உருண்டையாக இருந்த இழைகள் ஒன்றையொன்று நெருக்கித் தேன்கூட்டு அறைகள் போல மாறியிருக்கும். நசுங்கும்போது ஆக்சைடு கிழிந்து புதுச் செம்போடு புதுச் செம்பு ஒட்டும். காற்று புக இடமில்லை என்பதால் மறுபடி ஆக்சைடும் படியாது. சாதாரண பிளையரால் நசுக்கினால் இது வராது.

சால்டர், அதாவது உருக்கி ஒட்டும் உலோகக் கலவை, வைத்தால் இன்னும் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். திருகுக்கு அடியில் அது தவறு. சால்டர் மென்மையான உலோகம். அழுத்தத்தில் மெல்ல மெல்ல நழுவி, இறுகியிருந்த திருகைத் தளர்த்திவிடும்.

சரி, இணைத்தாயிற்று, அப்புறம் கட்ட வேண்டும். ஒரு காலத்தில் விமானங்களின் ஒயர்க் கட்டுகளை மெழுகு நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டினார்கள். விரல் நோகும் அந்த வேலைக்கு மாற்றாகத்தான் 1958-இல் கேபிள் டை என்ற பிளாஸ்டிக் பட்டை வந்தது. அதன் தலைக்குள் இருக்கும் சிறு நாக்கு, பட்டையின் பற்களை முன்னே விடும், பின்னே விடாது. ஆனால் இறுக்கிப் பிழிந்தால் ஒயரின் உறை நசுங்கும். கட்டின் நடுவில் இருக்கும் ஒயருக்குச் சூட்டை வெளியே விட வழியும் குறைவு. எக்ஸ்டென்ஷன் சுருள்கள் பலவற்றில் இரண்டு அளவுகள் அச்சிட்டிருப்பது இதனால்தான்: முழுதாகப் பிரித்தால் இவ்வளவு ஆம்பியர், சுற்றியபடியே என்றால் அதைவிட மிகக் குறைவு.