625-ல அந்த 125 எதுக்கு?

பாபநாசத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. அவங்க அம்மாவுக்கு கடவாய்ப்பல் வலி, கன்னமே வீங்கிப் போச்சு, போன வருஷம் சாப்பிட்ட மாத்திரையோட காலி அட்டையை எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்குப் போனா கடைக்காரர் சீட்டு இல்லாம தரமாட்டேன்னுட்டாராம். அட்டை ஓரத்துல ஒரு சிவப்புக் கோடு, பேருக்குப் பக்கத்துல 625. அப்படி என்னதான் இருக்கு அந்த மாத்திரையிலன்னு கேக்குறாங்க.

சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். 625 தான் விஷயமே. அதுல 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், அதாவது பென்சிலின் குடும்பம், கிருமியைக் கொல்றது அதுதான். மீதி 125 கிளாவுலானிக் அமிலம். இது தனியா உள்ள போனா கிருமியைப் பெருசா ஒண்ணும் பண்ணாது. அப்புறம் எதுக்கு சேர்க்கறாங்க?

பாக்டீரியாவைச் சுத்தி சுவர் இருக்குன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம். செங்கல் சுவர்னு நினைச்சுக்காதீங்க, நம்ம கொல்லையில கட்டுற மூங்கில் படல் மாதிரி, நீளவாக்குல சர்க்கரைச் சங்கிலி, குறுக்க சின்னச் சின்ன முடிச்சு. முடிச்சு போடறதுக்குன்னே ஒரு நொதி இருக்கு, அது சங்கிலியில தொங்குற வால் நுனியில இருக்கற ரெண்டு அலனைனை (அது ஒரு அமினோ அமிலம்) பிடிச்சு, கடைசி ஒண்ணைக் கழட்டிட்டு மீதியைப் பக்கத்து வாலோட முடிஞ்சு விடும். பென்சிலின் பாக்கறதுக்கு அந்த ரெண்டு அலனைன் மாதிரியே இருக்கும், நொதியும் ஏமாந்து பிடிச்சுடும். பென்சிலினுக்குள்ள நாலு மூலை வளையம் ஒண்ணு இருக்கு, கார்பனுக்கு 109 டிகிரி வாக்குல விரிஞ்சு இருந்தாத்தான் சௌகரியம், இங்க 90 டிகிரிக்கு மடக்கி அடைச்சு வச்சிருக்கு, வளைச்சுப் பிடிச்ச மூங்கில் சிம்பு மாதிரி விறைச்சுக்கிட்டு இருக்கும். நொதி தொட்ட உடனே அது தெறிச்சுத் திறந்து நொதியோட கையிலயே ஒட்டிக்கும். எண்ணெய் தடவாம பலாப்பழம் அரிஞ்சா பால் ஒட்டுமே, அதே கதிதான். முடிச்சு போட ஆள் இல்ல, படல் விட்டுப் போகும், வெளியில இருக்கற தண்ணி உள்ள ஏறி பாக்டீரியா வெடிச்சுடும்.

(சளிக்காய்ச்சல் வைரஸுக்கு இந்தப் படலே கிடையாது. அதுக்குப் போய் இந்த மாத்திரையைக் கேட்டு வாங்கி முழுங்கறதைப் பாக்கும்போது எனக்கு வயிறு எரியும்.)

இப்போ பாக்டீரியா பக்கம் வாங்க. சில பாக்டீரியாகிட்ட பீட்டா-லாக்டமேஸ்னு ஒரு நொதி இருக்கு, முடிச்சு போடற நொதிக்கு இது பங்காளி முறை. இதுவும் பென்சிலினைப் பிடிக்கும், இதோட கையிலயும் ஒட்டும், ஆனா இது ஒரு தண்ணி மூலக்கூறைக் கொண்டாந்து வச்சு கழுவி விட்டுட்டு அடுத்ததைப் பிடிக்கப் போயிடும், கையில எண்ணெய் தடவிக்கிட்டு பலாப்பழம் அரியற ஆள் மாதிரி. சில வகை நொடிக்கு ஆயிரம் பென்சிலினை உடைச்சுப் போடும். இது நேத்து முளைச்சதும் இல்ல, பென்சிலின் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி 1940லயே ஆபிரகாம், செயின்னு ரெண்டு விஞ்ஞானிங்க இப்படி ஒரு நொதி இருக்குன்னு எழுதிட்டாங்க.

எண்ணெய் தடவின கையிலயும் ஒட்டற பால்தான் அந்த 125. இதுலயும் அதே நாலு மூலை வளையம் இருக்கறதால பீட்டா-லாக்டமேஸ் வழக்கம்போல பிடிக்கும், ஆனா வளையம் திறந்ததுக்கு அப்புறம் மூலக்கூறு உள்ளுக்குள்ளயே உருமாறி தண்ணியால கழுவ முடியாதபடி இறுகிடும். நொதி அத்தோட காலி, 500 தன் வேலையைப் பாக்கும். இதை மண்ணுல வாழற ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா ஒண்ணுகிட்ட இருந்துதான் எடுத்தாங்க. கோடையில காஞ்சு கிடக்கற வயல்ல மொத மழை விழுந்ததும் மண்வாசனை வருதே, அதைக் கிளப்பறதும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டம்தான். மன்னார்குடி பக்கம் ரோட்டுல அந்த வாசனை வந்தா எனக்கு இந்த மாத்திரை ஞாபகம்தான் வருது.

ஆனா என்டிஎம்-1னு ஒரு நொதிகிட்ட இந்த வித்தை பலிக்காது. அது கையால பிடிக்கறதே இல்ல, துத்தநாகத்தை வச்சு தண்ணியை நேரா ஏவி வளையத்தை உடைச்சுடும், ஒட்டறதுக்கு இடமே கிடையாது. 2010ல வந்த ஆய்வுல சென்னை மாதிரிகள்லயும் அது இருந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் இங்க சட்டம் சூடு பிடிச்சது. 2014 மார்ச் 1லேர்ந்து ஹெச்1 அட்டவணைன்னு கட்டுப்பாடு போட்ட மருந்துகளோட பட்டியல் அமல், செஃபிக்சிம், மெரோபெனம் மாதிரி மருந்து வித்தா வாங்கறவர் பேர், டாக்டர் பேர், எத்தனைன்னு தனி நோட்டுல எழுதி 3 வருஷம் வச்சிருக்கணும். என்டிஎம் கிருமிக்கு மிச்சம் இருந்த ஒண்ணு ரெண்டு மருந்துல கொலிஸ்டினும் ஒண்ணு, அதைக் கோழித் தீவனத்துல கலந்துக்கிட்டு இருந்தாங்க, 2019 ஜூலையில கோழிக்கும் நம்ம வேதாரண்யம் பக்கத்து இறால் குட்டைக்கும் சேர்த்துத் தடை போட்டாங்க. நல்ல சட்டம்தான், ஆனா அந்த நோட்டைத் திறந்து பாக்க ஆள் வரணும். புது ஆன்டிபயாட்டிக் கண்டுபிடிச்சா அதை அவசரத்துக்குன்னு பூட்டித்தான் வைக்கணும், விக்காத சரக்குக்கு கம்பெனி எதுக்குப் பணம் போடும்? அரசாங்கம்தான் போடணும், இன்னும் நிறைய போடணும்னு நினைக்கறேன்.

அக்கா, கடைக்காரர் பண்ணது சரிதான், அவர் மேல கோவப்படாதீங்க. அம்மாவை பல் டாக்டர்கிட்ட இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, பென்சிலின் ஒத்துக்குமான்னு அவர் கேப்பார், வேர்ல சீழ் கட்டியிருந்தா மாத்திரை மட்டும் போதாது, அதைத் திறந்து வெளியேத்தணும். வாயைத் திறக்க முடியலன்னாலோ காய்ச்சல் அடிச்சாலோ வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.